உடம்புக்கும் தினமும் ஒரு 'பிளாக்'

ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்ப வேண்டுமென்றால் மும்பைவாசி முதலில் விசாரிப்பது, இன்று எந்த லைனில் மெகா பிளாக் என்பதைத்தான். மாட்டுங்காவில் கல்யாணமா, செம்பூரில் சீமந்தமா, முலுண்டில் உறவினர் வீடா, எதுவானாலும் பிளாக் நேரத்தைப் பார்த்துத்தான் புறப்படுகிறோம். ரயில்வேக்காரர்களைத் திட்டிக்கொண்டே புறப்படுகிறோம் என்பதும் உண்மை. அப்படித் திட்டு வாங்கும் கூட்டத்தில் 38 ஆண்டுகள் இருந்தவன் நான். டிப்ளமோ முடித்த கையோடு தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஞாயிறு பகலில் அந்தச் சில மணி நேரம் லைனை மூடாவிட்டால், திங்கட்கிழமை காலை வண்டியை நம்பி நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக முடியாது.

மும்பைப் புறநகர் லைன்களில் ஒரு நாளைக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட லோக்கல் வண்டிகள் ஓடுகின்றன. நள்ளிரவு தாண்டிக் கடைசி வண்டி போய்ச் சேர்வதற்கும், விடியுமுன் முதல் வண்டி புறப்படுவதற்கும் நடுவே கிடைப்பது கொஞ்ச நேரம்தான். வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டவாளத்தைக் கழற்றி மாட்ட முடியாது. போக்குவரத்தை நிறுத்தி, வேலைக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டுக்குத்தான் பிளாக் என்று பெயர்.

நம் உடம்பும் காலை ஐந்து மணி முதல் இரவு பதினொன்று வரை இடைவெளி இல்லாமல் வண்டி ஓடும் லைன்தான். அதற்கு யார் பிளாக் கொடுக்கிறார்கள்?

நேரம் எங்கே சார்?

உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் சொல்லும் பதில் இது. அதில் பொய்யும் இல்லை. டோம்பிவிலியில் வீடு, ஃபோர்ட்டில் ஆபீஸ் என்றால் ரயிலில் மட்டும் போக வர இரண்டரை மணி நேரம். அதில் பாதி நேரம் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் பாடம், காய்கறி, போனில் ஊரிலிருந்து அம்மா. இதற்கு நடுவே "காலை நாலரைக்கு எழுந்து யோகா செய்யுங்கள்" என்று ஒருவர் உபதேசித்தால் கோபம் வராதா? நாலரைக்கு எழுந்து நான்கு டிபன் டப்பா கட்டும் அம்மாவுக்கு அந்த உபதேசத்தால் என்ன பயன்?

ஆகவே உற்சாகமாகத் தொடங்குவதும் சீக்கிரமே விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஜனவரி 1, பிறந்த நாள், ஜூன் 21 ஆகிய தினங்களில் வாங்கிய யோகா விரிப்புகள் எத்தனை வீடுகளில் பீரோவுக்குப் பின்னால் சுருண்டு நிற்கின்றன! (ஜூன் 21ஐ சர்வதேச யோகா தினமாக ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் அறிவித்தது. 2015 முதல் கொண்டாடப்படுகிறது.)

என்னுடன் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருந்தார். "ரிடையர் ஆகட்டும், அப்புறம் பாருங்கள், தினமும் வாக்கிங், யோகா, எல்லாம் செய்யப் போகிறேன்" என்பார். பணி முடிய எட்டு மாதம் இருக்கும்போது ஒரு மதியம் ஆபீஸிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிரிவு உபசார விழாவில் போர்த்த வேண்டிய சால்வையை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். யோகா செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் டாக்டர் அல்ல. 'ரிடையர் ஆன பிறகு' என்கிற நேரம் எல்லோருடைய டைம்டேபிளிலும் இருப்பதில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

தண்டவாளம் கற்றுத்தரும் பாடம்

இந்நாளில் எங்கும் 'ஸ்ட்ரெஸ்' என்ற பேச்சு. 'டி-ஸ்ட்ரெஸ்' செய்யுங்கள் என்று பத்திரிகைகளும் டாக்டர்களும் சொல்கிறார்கள். எங்கள் பிரிவில் தண்டவாளத்துக்கே டி-ஸ்ட்ரெஸ்ஸிங் செய்வது வழக்கம். சற்று விளக்குகிறேன்.

அந்தக் காலத்து ரயிலில் 'தடக் தடக்' என்று தாளம் கேட்குமே, அது தண்டவாளத் துண்டுகளின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் ஓசை. இப்போது பெரும்பாலான இடங்களில் தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். பயணம் சுகமாயிற்று, ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒரு கிலோமீட்டர் இரும்பு சுமார் 11 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். கொக்கிகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் நீள இடமில்லை. அந்த முறுக்கம் முழுவதும் இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கவனிக்காமல் விட்டால், கடும் வெயில் நாளில் தண்டவாளம் பாம்பு போல நெளிந்துவிடும்.

இதற்கு மருந்து என்ன? பிளாக் எடுத்து, கொக்கிகளைக் கழற்றி, தண்டவாளத்தை உருளைகளின் மேல் தூக்கி வைத்து, மரச் சுத்தியலால் தட்டிக் கொடுப்போம். அடைபட்ட முறுக்கம் விடுபட்டு, இரும்பு தன் இயல்பான நீளத்துக்கு வரும். பிறகு சரியான வெப்பநிலையில் திரும்ப மாட்டுவோம். இரும்பை யாரும் அடித்து நேராக்குவதில்லை. பிடியைத் தளர்த்துகிறோம், அது தானே சரியாகிறது.

களைப்பாற்றும் யோகாவின் தத்துவமும் இதுவே. உடம்பை வில்லாக வளைத்துக் காட்டுவது இதில் இல்லை. தலையணை, போர்வை, சுவர், நாற்காலி ஆகியவற்றின் மேல் உடம்பின் பாரத்தை ஒப்படைத்துவிட்டு, சில நிமிடம் அசையாமல் கிடப்பதுதான் பயிற்சி. களைத்த மனிதனிடம் "ஓடு, குதி" என்றால் நாளைக்கு என்பான். "வந்து படு" என்றால் இன்றைக்கே வருவான். வேலை மிகுந்தவர்களுக்கு இதை முதல் படியாக நான் சிபாரிசு செய்வது இந்தக் காரணத்தால்தான்.

நம் லைனிலேயே ஆசான்கள்

யோகாவைத் தேடி இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. 1918இல் ஸ்ரீ யோகேந்திரா தொடங்கிய யோகா இன்ஸ்டிடியூட் நம் சாந்தாகுரூஸில் இருக்கிறது. குடும்பஸ்தர்களுக்கும் யோகா உண்டு என்று எடுத்துக்காட்டிய இடம் அது. நாம் ஊருக்குப் போகும் சென்னை மெயில் ஏறிச் செல்லும் லோனாவாலாவில், 1924இல் சுவாமி குவலயானந்தா கைவல்யதாமத்தை நிறுவினார். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் உடம்புக்குள் என்ன செய்கின்றன என்பதைக் கருவிகள் வைத்து அளந்து பார்த்த முன்னோடி அவர்.

அதற்கடுத்து புணே. 1918இல் கர்நாடகத்துப் பெள்ளூரில் பிறந்து, சிறு வயதில் காசநோய், மலேரியா, டைபாய்டு என்று படாத பாடு பட்ட பி.கே.எஸ். ஐயங்கார், 1937இல் யோகா கற்பிக்கப் புணே வந்தார். 2014இல் மறையும்வரை அந்த ஊரே அவருக்குக் களம். வளையாத உடம்புக்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் ஏற்றபடி மரக்கட்டை, கயிறு, நாற்காலி, திண்டு முதலியவற்றைத் துணையாக வைத்துப் பயிற்றுவித்தவர் அவர். இன்று உலகெங்கும் நடக்கும் ஓய்வு யோகா வகுப்புகளுக்கு அந்த முறை பெரிய ஆதாரம். பொறியியல் கண்ணுடன் பார்த்தால், உத்தரத்துக்கு முட்டுக் கொடுப்பது போன்ற நல்ல யோசனை அது.

பதினைந்து நிமிடம், நான்கு நிலைகள்

ஆறடிக்கு இரண்டடி இடம் போதும். ஒற்றை அறை வீட்டிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த இடம் கிடைக்கும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

முதலில் நாற்காலி. நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்களை மெதுவாகக் காது வரை உயர்த்தி, பெருமூச்சுடன் கீழே விடுங்கள். ஐந்தாறு முறை. பிறகு தலையை இடப்புறமும் வலப்புறமும் மெல்லத் திருப்புங்கள். ரயில் கம்பியைப் பிடித்துத் தொங்கிய தோளுக்கு இது முதல் உதவி. இரண்டு நிமிடம்.

இரண்டாவது, விபரீத கரணியின் எளிய வடிவம். தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியை நாற்காலியின் மேலோ கட்டிலின் மேலோ வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கடியில் மடித்த துண்டு. முதுகின் கீழ்ப்பகுதி தரையில் படியும். நாள் முழுவதும் நின்று கனத்துப்போன கால்களுக்கு இதைவிடச் சுகம் இல்லை. ஐந்து நிமிடம்.

மூன்றாவது, சுப்த பத்த கோணாசனம். பெயர் பயமுறுத்தினாலும் செய்வது சுலபம். இரண்டு தலையணைகளைச் சரிவாக அடுக்கி அதில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் இரண்டையும் சேர்த்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்துவிடுங்கள். முழங்கால்களுக்குக் கீழேயும் ஆளுக்கொரு தலையணை. மார்பு விரிந்து மூச்சு தாராளமாகும். மூன்று நிமிடம்.

நான்காவது, எல்லோரும் அறிந்த சவாசனம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை, களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தருவது என்று இதைச் சொல்கிறது. அதில் மூச்சை மட்டும் கவனியுங்கள். இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக இருக்கட்டும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாவதும், விடும்போது சற்று நிதானமாவதும் உடம்பின் இயல்பு. வேகஸ் என்னும் நரம்பு அங்கே பிரேக் போல வேலை செய்கிறது. மூச்சை நீளமாக விடுவது அந்த பிரேக்கை இதமாகப் போடுவதற்குச் சமம். ஐந்து நிமிடம். தூக்கம் வந்தால் வரட்டும். எழும்போது சட்டென்று எழாமல் வலப்பக்கம் திரும்பி, கை ஊன்றி எழுந்திருங்கள்.

சில எச்சரிக்கைகள். கண் அழுத்த நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும், படுத்தால் மூச்சு வாங்குபவர்களும் டாக்டரைக் கேட்காமல் காலை உயர்த்திப் படுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் பிற்பகுதி மாதங்களில் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது நல்லது. எந்த நிலையிலும் வலித்தால் உடனே விட்டுவிடுங்கள். யோகா செய்கிறோம் என்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் சில முறை ஒரு நல்ல ஆசிரியர் முன்னிலையில் செய்வது உத்தமம்.

நாள் தவறாமல் நடப்பவர் கீமேன்

தொடங்குவது எளிது. தொடர்வதுதான் பிரச்சினை. இதற்கும் தண்டவாளத்தில் பதில் இருக்கிறது. கீமேன் என்று ஒரு ஊழியர் உண்டு. சுத்தியலும் கொடியுமாகத் தன் எல்லைக்குட்பட்ட தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்ப்பது அவர் வேலை. தளர்ந்த கொக்கியை அங்கேயே தட்டிச் சரிசெய்வார். மழையோ வெயிலோ, மனசு சரியோ இல்லையோ, அவர் நடப்பார். உற்சாகம் வந்தால்தான் நடப்பேன் என்று கீமேன் சொன்னால் எந்த வண்டியும் ஓடாது. லைனைக் காப்பாற்றுவதில் பெரிய இயந்திரங்களுக்கு உள்ள பங்கு இந்தத் தினசரி நடைக்கும் உண்டு.

உடற்பயிற்சியையும் உற்சாகத்தின் பொறுப்பில் விடாமல் டைம்டேபிளின் பொறுப்பில் விடுங்கள். அதற்குச் சில வழிகள்:

ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு இணைத்துவிடுங்கள். 'தினமும் ஏழு மணிக்கு' என்றால் லோக்கல் லேட்டாகும் நாளில் திட்டம் குலைந்துவிடும். 'ஆபீஸிலிருந்து வந்து கால் கழுவியதும், டி.வி. போடுவதற்கு முன்' என்றால் எத்தனை மணிக்கு வந்தாலும் நடக்கும். இணைப்பு ரயில் முதல் வண்டிக்காகக் காத்திருப்பது போல.

நேரமில்லாத நாளில் பாதி வழியாவது ஓடட்டும். பதினைந்து நிமிடம் இல்லையா? நாற்காலியில் கால் போட்டு ஐந்து நிமிடம் படுங்கள். தாதரோடு நிறுத்தப்பட்ட வண்டியும் ஓடிய வண்டிதான். ரத்தான வண்டி வேறு.

ஒரு நாள் தவறினால் கவலை வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் கண்டதுதான். 21 நாளில் வரவில்லையே என்று கைவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறித்து வையுங்கள். பால் வராத நாளையும் கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளையும் ஊரிலிருந்து வரவழைத்த மாதக் காலண்டரில் குறிக்கிறோமே, அதே கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். மாத முடிவில் கோடுகளை எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

துணை சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டி நிற்குமே, வடா பாவுக்காக மட்டும் அது நிற்பதில்லை. 37 அடிக்கு ஓர் அடி உயரும் மலைப்பாதை எதிரே இருக்கிறது. பின்னாலிருந்து தள்ளப் 'பேங்கர்' என்ஜின்களைச் சேர்ப்பார்கள். எத்தனை சக்தியுள்ள என்ஜினானாலும் அந்த ஏற்றத்துக்குத் துணை தேவை. கணவனும் மனைவியும், இரு சிநேகிதிகளும், அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் பேங்கராக இருக்கலாம்.

ஓய்வு மட்டும் போதுமா?

போதாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். களைப்பாற்றும் யோகா வாசற்படிதான். வீடு அதற்கு அப்பால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை வேகநடை போன்ற மிதமான உழைப்பு வேண்டும். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் கீழே விழாமலிருக்க, சமநிலைக்கான பயிற்சியும் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் கணக்கில்லை என்ற பழைய நிபந்தனையை அந்த வழிகாட்டி நீக்கிவிட்டது. ஒவ்வொரு அசைவும் கணக்கில் சேரும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ரிக்ஷாவில் போவதை விட்டு, போக 10, வர 10 நிமிடம் விரைந்து நடந்தால் ஐந்து நாளில் 100 நிமிடம். சனி, ஞாயிறு தலா 25 நிமிடம் நடந்தால் 150 கணக்குத் தீர்ந்தது. எஸ்கலேட்டரை விட்டு மேம்பாலப் படிகளில் ஏறுவது தனி லாபம். 1953இலேயே ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து, நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். நம் ஸ்டேஷன் படிகளைப் பார்த்து அலுத்துக்கொள்ளும்போது அந்தக் கண்டக்டர்களை நினைத்துக்கொள்ளலாம்.

மாலையில் பதினைந்து நிமிடம் களைப்பாறியவர் இரவு நன்றாகத் தூங்குகிறார்; நன்றாகத் தூங்கியவர் காலையில் ரிக்ஷா தேடாமல் நடக்கிறார். என் அனுபவத்தில் ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது.

அம்மாவுக்கு யார் பிளாக் தருவது?

பிளாக் கேட்டுக் கன்ட்ரோலருக்குப் போன் செய்தால் அவர் சுலபத்தில் தர மாட்டார். "இன்றைக்கு வேண்டாம், வண்டிகள் லேட், நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. நான் விடாமல் கேட்பேன். "சார், நீங்கள் பிளாக் தராவிட்டால் தண்டவாளம் தானாகவே எடுத்துக்கொள்ளும்" என்பேன். தண்டவாளம் முறிந்தால் கேட்காமலே லைன் நின்றுவிடும். எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது.

நம் வீடுகளில் மிக அதிகமாக வண்டி ஓடும் லைன் அம்மாதான். அவருக்குப் பிளாக் மறுக்கும் கன்ட்ரோலர்கள் நாம் எல்லோருமே. காப்பி, சாவி, சாக்ஸ், சட்டை எல்லாவற்றுக்கும் ஒரே குரல்: "அம்மா!" வெளியூரில் வாழும் நமக்குக் கூப்பிட்ட குரலுக்கு வர அத்தையோ பெரியம்மாவோ பக்கத்துத் தெருவில் இல்லை. எல்லாப் பாரமும் ஒருவர் தலையில். அவருக்கு முழங்கால் வலியும் முதுகு வலியும் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அலைவதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் லைனை மூடுவது சிக்கனம்.

எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக ஒரு விதி இருக்கிறது. மாலை விளக்கேற்றுவதற்கு முன் கால் மணி நேரம் என் மனைவியின் நேரம். அறைக்கதவு சாத்தியிருக்கும். அடுப்பில் பால் இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன். யாராவது வந்து கேட்டால் பேரன் பதில் சொல்லிவிடுவான்: "பாட்டி பிளாக்கில இருக்காங்க, கொஞ்சம் உட்காருங்க." முழங்கால் வலி மாயமாய்ப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்பது குறைந்திருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு வரும்போது முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது. எனக்கு அது போதும்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இதழைப் படித்து முடித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, யாருக்கு எப்போது பிளாக் என்று ஒரு சிறு அட்டவணை போடுங்கள். முதல் வரியில் வீட்டு அம்மாவின் பெயர் இருக்கட்டும். சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் அதை ஒட்டுங்கள். இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, எப்படி இருந்தது என்று சங்கத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். விருப்பமுள்ளவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், ஞாயிறு காலை நம் சங்கக் கூடத்திலேயே ஓர் ஆசிரியரை வைத்துக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். மெகா பிளாக் தொடங்குவதற்குள் எல்லோரும் வீடு திரும்பிவிடலாம். அந்த நேரக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.